புதைத்தவர்கள் கதவைத் தட்டினால்

ஜப்பானில் இன்று இறப்பவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எரியூட்டப்படுகிறார்கள். அந்த நாட்டில், மலைகளுக்கு நடுவே, ஊசியிலைக் காடு மூன்று பக்கமும் நெருக்கி நிற்கும் ஒரு சின்ன ஊர். பெயர் சொதோபா. சுமார் 1,300 பேர் வாழ்கிறார்கள். கல்லறைகளில் நட்டுவைக்கும் மரப்பலகைகளைச் செய்து விற்றுப் பிழைத்த ஊர் அது. அங்கே மட்டும் பழைய வழக்கம் விட்டுப்போகவில்லை. செத்தவர்களைப் புதைக்கிறார்கள்.

‘ஷிகி’ என்ற அனிமே தொடர் முழுவதும் இந்த ஒரு தகவலிலிருந்துதான் முளைக்கிறது. எரித்துவிட்டால் சாம்பல். புதைத்தால் உடல் மண்ணுக்குள் முழுசாக இருக்கிறது. அது எழுந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. ரத்தக்காட்டேரிகள் இந்த ஊரைத் தேடி வந்ததற்குக் காரணமே அதுதான்.

ஃபுயுமி ஓனோ 1998-இல் இரண்டு தடித்த பாகங்களாக எழுதிய நாவல் இதன் மூலம். ஸ்டீபன் கிங்கின் 1975-ஆம் ஆண்டு நாவலான ‘சேலம்ஸ் லாட்’டுக்குக் காணிக்கை என்று நாவலின் முகப்பிலேயே ஓனோ சொல்லிவிடுகிறார். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் கிங் அவிழ்த்துவிட்ட இருட்டை, ஜப்பானிய மலைக்கிராமத்தின் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே கொண்டுவந்து விட்டார் அவர். 2007 இறுதியில் ரியூ ஃபுஜிசாகி அதை மங்காவாக வரையத் தொடங்கினார். 11 தொகுதிகள். மங்கா முடிவதற்கு முன்பே, 2010 ஜூலையில், ஃபுஜி தொலைக்காட்சியின் நள்ளிரவு அனிமே நேரமான ‘நொய்தமினா’வில் தொடர் ஒளிபரப்பானது. டோமு ஸ்டூடியோ தயாரிப்பு, தெத்சுரோ அமினோ இயக்கம். டிசம்பர் கடைசிவரை 22 எபிசோடுகள் ஓடின. பிறகு வட்டுகளில் இரண்டு சிறப்பு எபிசோடுகள் சேர்ந்தன.

ரத்தக்காட்டேரி அனிமேக்களுக்குப் பஞ்சமே இல்லை. 1985-இல் ‘வாம்பயர் ஹன்டர் டி’ வந்தது. 2001-இல் ‘ஹெல்சிங்’கின் ஆலுகார்ட், சிவப்புக் கோட்டும் பெரிய துப்பாக்கிகளுமாக ஒரு தலைமுறை இளைஞர்களைக் கட்டிப்போட்டான். 2008-இல் ‘வாம்பயர் நைட்’ பள்ளிச் சீருடையில் காதலையும் கோரைப்பற்களையும் கலந்து கொடுத்தது. இவற்றிலெல்லாம் ரத்தம் குடிப்பவன் அழகன், அல்லது வீரன், அல்லது இரண்டுமே. ‘ஷிகி’யில் அவன் பக்கத்து வீட்டுக்காரன். போன வாரம் நீங்கள் யாருடைய சவ ஊர்வலத்தில் நடந்தீர்களோ, அவன்.

கதையின் முடிச்சுகளைத் தொடாமல் இந்தத் தொடரின் நிறைகுறைகளைப் பேச வழியில்லை. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நோய் என்று நினைத்தார்கள்

கொளுத்தும் கோடை. மலை உச்சியில் யாமாஇரி என்ற குக்கிராமத்தில் மிச்சமிருந்த மூன்று முதியவர்கள் இறந்து கிடக்கிறார்கள். அதே சமயத்தில், ஊரின் மேட்டில் புதிதாக எழும்பிய மேல்நாட்டு பாணி மாளிகைக்கு ஒரு குடும்பம் நள்ளிரவில் குடிவருகிறது. மெகுமி ஷிமிசு என்ற 15 வயதுப் பெண் காட்டில் காணாமல் போகிறாள். கண்டுபிடித்துக் கொண்டுவருகிறார்கள். சோர்வு, வெளிறல், ரத்தசோகை. சில நாளில் இறந்துவிடுகிறாள். பிறகு ஒருவர். பிறகு இன்னொருவர்.

ஊரின் ஒரே மருத்துவர் தோஷியோ ஓசாகி. தந்தை விட்டுப்போன மருத்துவமனையை நடத்திக்கொண்டு, ஓயாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு இருப்பவர். மெகுமியை இன்னும் சரியாகப் பரிசோதித்திருக்கலாமே என்ற உறுத்தல் அவரை விடுவதில்லை. தொற்றுநோயோ என்று சந்தேகிக்கிறார். ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை அடுக்குகிறார், புத்தகங்களைப் புரட்டுகிறார், தூக்கமில்லாமல் அலைகிறார். விடை கிடைப்பதில்லை. இறுதிச் சடங்கு நடத்திவைக்கும் இளம் துறவி செய்ஷின் முரோய் அவருடைய பால்யகால நண்பர், நாவலாசிரியரும்கூட. ஒருவர் மரணச் சான்றிதழ் எழுதி ஓய்ந்துபோகிறார், மற்றவர் மந்திரம் ஓதி ஓய்ந்துபோகிறார்.

இந்தத் தொடரின் ஆகப்பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. பார்ப்பவருக்கு முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடும், இது ரத்தக்காட்டேரிக் கதை என்று. மருத்துவருக்கு அது தெரியப் பல எபிசோடுகள் ஆகின்றன. அவர் முட்டாள் என்பதால் அப்படியில்லை. படித்த, பொறுப்புள்ள ஒரு மருத்துவர் எதை முதலில் சந்தேகிக்க வேண்டுமோ அதைச் சந்தேகிக்கிறார். அறிவு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்து, எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் பாட்டி கதைக்கு வந்து சேர்கிறது. இறந்தவர்கள் எழுந்து வருவார்கள் என்ற பழைய நம்பிக்கையை ஊர்க் கிழவிகள் முன்பே முணுமுணுத்துவிட்டார்கள். கடைத்திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் அவர்களுடைய பேச்சுக்கு அதுவரை யாரும் காதுகொடுக்கவில்லை.

சாவு பெருகும் விதத்தை எழுதிக்காட்டியிருப்பதில் ஓனோவின் நுணுக்கம் அசரவைக்கிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இறப்பதற்குச் சற்று முன்னால் வேலையை விட்டு விலகிவிடுகிறார்கள். அதனால் வெளியூரிலிருந்து யாரும் விசாரிப்பதில்லை. சில குடும்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நடுராத்திரியில் வீடு காலிசெய்கின்றன. ஊர் அலுவலகம் மெல்ல மெல்ல இரவில் இயங்கத் தொடங்குகிறது. இருட்டிய பிறகே திறக்கும் புது மருத்துவமனை ஒன்று முளைக்கிறது. ஒரு ஊரை ரத்தம் உறிஞ்சிக் கொல்வதற்குப் பற்கள் மட்டும் போதாது, பதிவேடுகளும் வேண்டும் என்பதை இவ்வளவு விவரமாகச் சிந்தித்த திகில் கதையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஊரின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். சொதோபாவில் பரம்பரையாக மூன்று பெரிய இடங்கள்: கோயில், ஓசாகி மருத்துவமனை, கனெமாசா என்ற நிலக்கிழார் வீடு. கனெமாசா குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில்தான் நள்ளிரவில் குடிவந்த கிரிஷிகி குடும்பத்தின் மாளிகை எழும்புகிறது. ரத்தக்காட்டேரிகள் ஊருக்குள் எகிறிக் குதித்து வரவில்லை. காலியாகக் கிடந்த அதிகாரத்தின் இருக்கையில் வந்து அமர்ந்தார்கள். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட, முதியவர்கள் மட்டும் மிஞ்சிக் கரைந்துகொண்டிருக்கும் ஜப்பானிய மலைக்கிராமங்களை நினைத்துக்கொண்டு பார்த்தால், இந்தக் கதையில் வரும் காலி வீடுகள் வேறு விதமாகத் தெரியும். அந்த ஊர்களில் ஒருவர் குறைந்தால் யாரும் அதிர்ச்சியடைவதில்லை. காட்டேரிகளுக்கு அந்தப் பழக்கமே போர்வையாகிவிடுகிறது.

உள்ளே வரலாமா?

அழைக்காத வீட்டுக்குள் ரத்தக்காட்டேரி நுழைய முடியாது என்பது ஐரோப்பியக் கதைகள் தந்த விதி. பல படங்களில் அது வெறும் அலங்காரமாக வந்துபோகும். ‘ஷிகி’ அதைப் பிடித்துக்கொண்டு உலுக்குகிறது. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். கதவைத் தட்டுபவர் இறந்துபோன மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம். புதைத்த பிள்ளை வாசலில் நின்று கூப்பிட்டால் எந்தத் தாய் கதவைத் திறக்காமல் இருப்பாள்? இங்கே உயிரை வாங்குவது பாசம். ஒருமுறை கடிபட்டவர் கடித்தவரின் சொல்லுக்குக் கட்டுப்படுவார் என்பதால், கடிபட்டவரே மறுநாள் தன் வீட்டுக் கதவை உள்ளிருந்து திறந்துவிடுகிறார். ஒரு குடும்பத்துக்குள் சாவு எப்படி ஒவ்வொருவராகத் தொட்டுப் பரவுகிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படுவதில்லை.

எழுந்தவர்களின் பக்கத்தையும் தொடர் காட்டுகிறது. எல்லாப் பிணமும் எழுந்துவிடுவதில்லை. எழுந்தவர்களைப் பட்டினி போட்டு, முதல் ரத்தத்தைக் குடிக்கவைத்து, ஊருக்குள் வேட்டைக்கு அனுப்புகிறார்கள். மறுத்தால் தண்டனை, குடும்பத்தினரைப் பற்றிய மிரட்டல். தோரு முதோ என்ற இளைஞனின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஊரிலேயே எல்லோருக்கும் பிடித்த பையன். இறந்து எழுந்த பிறகு, தன் உற்ற நண்பன் நட்சுனோவின் ரத்தத்தைக் குடிக்க அவனை அனுப்புகிறார்கள். அழுதுகொண்டே குடிக்கிறான். நட்சுனோவும் அவனைத் தள்ளிவிடுவதில்லை. திகில் தொடர் ஒன்றில் ரத்தம் குடிக்கும் காட்சி இவ்வளவு துயரமாக அமைந்து நான் பார்த்ததில்லை.

பிறகு மெகுமி. இவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நகரத்து உடை, நகரத்துக் கனவு, ஊரின் மேல் தீராத வெறுப்பு. அலங்காரம் செய்துகொண்டு தெருவில் நடந்தால் கிழவிகள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். நகரத்திலிருந்து குடிவந்த நட்சுனோவை ஒருதலையாக நேசிக்கிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் இவளைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். இறந்து எழுந்த பிறகு பொறாமையால் கொலையும் செய்கிறாள். தொடர் அதை மூடிமறைப்பதில்லை. ஆனால் கடைசியில் நகரத்தை நோக்கி ஓடுகிறாளே, அந்தக் காட்சியை மறக்க முடியாது. ஊரை விட்டு வெளியே போகும் சாலையில் ஊர்க்காரர்களிடம் மாட்டிக்கொள்கிறாள். அவள் மேல் வண்டியை ஏற்றுகிறார்கள், மறுபடியும் ஏற்றுகிறார்கள். அவளுடைய ஆசையெல்லாம் வேறு ஊரில் வாழ வேண்டும் என்ற ஒரு சாதாரணப் பெண்ணின் ஆசைதான். உயிரோடு இருந்தபோதும் ஊர் அதற்கு வழிவிடவில்லை, செத்த பிறகும் விடவில்லை. பேய் ஒன்று அழிகிறது என்ற நிம்மதி அந்தக் காட்சியில் யாருக்கும் வராது.

மருத்துவரின் அறை

பாதியைத் தாண்டியதும் ஒரு எபிசோட் வருகிறது. ‘ஷிகி’யைப் பார்த்தவர்கள் எல்லோரும் தவறாமல் குறிப்பிடுவது அதைத்தான். தோஷியோவின் மனைவி கியோகோ கடிபட்டு இறக்கிறாள். அவர் யாருக்கும் சொல்வதில்லை. உடலை மருத்துவமனைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் எழுகிறாள். கட்டிலோடு கட்டி, வாயை அடைத்து, பரிசோதனையைத் தொடங்குகிறார். மருந்துகள், வெயில், மதச் சின்னங்கள், கத்தி. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார். அவளுக்கு வலிக்கிறது, நினைவு இருக்கிறது, கண்களால் கெஞ்சுகிறாள். கடைசியில் மரமுளையை எடுக்கிறார்.

ஊரைக் காப்பாற்ற அவருக்கு இந்த அறிவு தேவை. இது இல்லாமல் இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் சாவார்கள். அதே சமயம், எந்த நியாயத்தாலும் கழுவ முடியாத செயல் அது. இரண்டையும் ஒரே காட்சியில் வைத்துவிட்டு, இசையைக் குறைத்து, கேமராவை விலக்காமல், பார்ப்பவரை அங்கேயே உட்காரவைக்கிறார் இயக்குநர். அறைக்குள் வந்து பார்க்கும் செய்ஷின் அந்த நொடியில் நண்பனை விட்டு விலகுகிறார். இனி ஒருவர் ஊரின் பக்கம், மற்றவர் சுனாகோவின் பக்கம்.

சுனாகோ கிரிஷிகி குடும்பத்தின் உண்மையான தலைமை. பார்வைக்குச் சிறுமி, வயதோ பல மடங்கு. செய்ஷினின் நாவல்களைப் படித்து ரசித்தவள். தன் இனத்தார் ஒளிந்து வாழத் தேவையில்லாத ஒரு ஊர் வேண்டும் என்பது அவளுடைய கனவு. ரத்தம் குடிக்காவிட்டால் செத்துவிடுவேன், நான் பசித்திருப்பது பாவமா என்று அவள் கேட்கும்போது பதில் சொல்வது எளிதாக இல்லை. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற அவளுடைய ஏக்கம், முன்பு தன் மணிக்கட்டையே அறுத்துக்கொண்ட செய்ஷினின் வெறுமையோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. சுனாகோவுக்குக் குரல் கொடுத்த ஆவோய் யூகி குழந்தைக் குரலில் முதிய களைப்பைக் கொண்டுவந்திருப்பது அருமை. குடும்பத் தலைவராக வரும் செய்ஷிரோவுக்குப் பாடகர் காக்ட் குரல் தந்திருக்கிறார். யசுஹாரு தகனாஷியின் இசையையும் சொல்லியாக வேண்டும். பெண்குரல் கோரஸ் ஒன்று மெலிதாக எழும்போதெல்லாம் ஊரில் ஒரு வீட்டில் விளக்கு அணையப்போகிறது என்று நமக்குப் புரிந்துவிடும். பக்-டிக் இசைக்குழு பாடிய தொடக்கப் பாடல் கதையின் இருட்டுக்குச் சரியான வாசல்.

வேட்டையாடும் ஊர்

மாளிகைப் பெண் சிசுருவைத் தோஷியோ ஆசைகாட்டி ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துவருகிறார். அவளும் மனிதர்களைப் போல ஒரு மாலையைக் கழிக்கும் மகிழ்ச்சியில் வருகிறாள். கோயில் வளாகத்தில், எல்லோருக்கும் முன்னால், அவளுக்கு நாடித்துடிப்பு இல்லை என்று தோஷியோ நிரூபிக்கிறார். அவளைக் கொல்கிறார்கள். அன்றிலிருந்து கதை தலைகீழாகிறது. பகலில் ஊர்க்காரர்கள் முளைகளும் சுத்தியல்களுமாகக் கிளம்புகிறார்கள். தூங்கிக்கிடக்கும் காட்டேரிகளை வெயிலில் இழுத்துப் போட்டு அடிக்கிறார்கள். நீர்க்குழாய்க்குள் ஒளிந்திருப்பவர்களை ஒவ்வொருவராக வெளியே இழுக்கிறார்கள். கோடாரியோடு நிற்பவர் எதிரே இருப்பவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்.

அந்த வேட்டையில் அச்சுறுத்துவது வெறி என்று சொல்ல மாட்டேன். அதன் ஒழுங்குதான் அச்சுறுத்துகிறது. முதல் நாள் கை நடுங்குகிறது. பிறகு அது ஊர்ப் பொதுவேலை ஆகிவிடுகிறது. உடல்களை இழுத்து அடுக்கும் பெண்கள் இடையில் ஓய்வெடுத்து, சாப்பிட்டு, பேசிக்கொள்கிறார்கள். காட்டேரிகளுக்குக் கட்டுப்பட்டு உதவிய மனிதர்களையும் கொல்கிறார்கள். சந்தேகத்தின் பேரிலேயே கொல்கிறார்கள். யாரைக் காப்பாற்றத் தொடங்கினார்களோ, அவர்களில் பாதிப் பேர் இப்போது முளையின் மறுமுனையில் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் நெஞ்சாரப் பாராட்டிவிட்டு, இந்தத் தொடர் சறுக்கும் இடங்களுக்கு வருகிறேன். அவை சிறியவை அல்ல.

எங்கே சறுக்குகிறது

முதலில் கண்ணுக்குத் தெரிவது. ஃபுஜிசாகியின் மங்கா பாணியைத் தொடர் அப்படியே எடுத்துக்கொண்டது. வானத்தைக் குத்தும் முடி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கூந்தல், விசித்திரமான முகங்கள், வயற்காட்டு ஊருக்குச் சற்றும் ஒட்டாத உடைகள். ஃபுஜிசாகி திறமையான ஓவியர், அவருடைய கற்பனைப் போர்க்கதைகளுக்கு இந்தப் பாணி கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ‘ஷிகி’யின் உயிரே இது நாம் அறிந்த ஊர், நாம் அறிந்த மனிதர்கள் என்ற நம்பிக்கையில்தான் இருக்கிறது. சாதாரணக் குடும்பத் தலைவி ஒருத்தி கேலிச்சித்திரம் போல வந்து நின்றால், அவள் வீட்டில் விழும் சாவு எப்படி நம்மைத் தொடும்? மெகுமி இறக்கும்போது அவளுடைய சுருள்முடியைத் தாண்டித்தான் அவளை அடைய வேண்டியிருக்கிறது. பல பார்வையாளர்கள் இரண்டாம் எபிசோடோடு எழுந்து போய்விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெதுவான தொடக்கம் இன்னொரு காரணம் என்பார்கள். அதை நான் குறையாக எண்ணவில்லை. குறை, அந்த மெதுவான பகுதியில் அள்ளிக்கொட்டப்படும் பெயர்களில் இருக்கிறது. பெரிய நாவலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பக்கங்கள் கிடைக்கும். எபிசோட் ஒன்றுக்கு 20 நிமிடச் சொச்சத்தில் ஒரு வீட்டை அறிமுகம் செய்து, பாசம் வரவைத்து, சாகடிக்க முடியவில்லை. பலர் பெயர் மனதில் தங்குவதற்குள் இறந்துவிடுகிறார்கள். பின்னால் அவர்கள் எழுந்து வரும்போது, இவர் யார் என்று யோசிக்க நேர்கிறது. திகில் பிறக்க வேண்டிய கணத்தில் குழப்பம் பிறக்கிறது.

நட்சுனோ விஷயம் இதைவிட ஆழமானது. நாவலில் அவன் இறந்ததோடு முடிந்துவிடுகிறான், எழுவதில்லை. மங்காவும் அனிமேயும் அவனை எழவைத்து, பழிவாங்கும் நாயகனாக்கிவிட்டன. இளம் வாசகர்களின் இதழில் வந்த மங்காவுக்கு இளம் நாயகன் ஒருவன் தேவைப்பட்டிருப்பான் என்பது புரிகிறது. ஆனால் நாவலின் கொடுமையே அந்தப் பையனின் முடிவு யாருக்கும் ஆறுதல் தராமல் போனதில்தான் இருந்தது. எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்தவன், நண்பனின் கையாலேயே சாய்கிறான், அவ்வளவுதான், உலகம் அவனுக்காக நிற்கவில்லை. அவனைத் திரும்பக் கொண்டுவந்ததும் அந்த இழப்பு நீர்த்துப்போனது. மாளிகையின் காவலன் தட்சுமியோடு அவன் மோதும் இறுதிக் காட்சி, வெடியும் குழியுமாக, வேறு ஏதோ ஒரு சண்டைத் தொடரிலிருந்து வழிதவறி வந்தது போல நிற்கிறது.

அதோடு பிணைந்த இன்னொரு ஓட்டையும் உண்டு. கதையில் ஓநாய்மனிதர்கள் என்று ஒரு வகை வருகிறார்கள். எழுந்தவர்களில் மிக அரிதாகச் சிலர் மட்டும் இப்படி ஆவார்கள். வெயில் இவர்களைச் சுடுவதில்லை. சாதாரணச் சோறு தின்றும் வாழலாம். கதையை நகர்த்த இது வசதி. பகலில் மாளிகையைக் காக்க ஒருவர் வேண்டுமே! ஆனால் தொடர் எழுப்பும் பெரிய கேள்வி, உயிர்வாழ மனிதனைக் கொன்றே ஆக வேண்டியவன் என்ன செய்வான் என்பது. அந்தக் கேள்வியின் கூர்மை, வேறு வழியே இல்லை என்பதில் இருக்கிறது. நட்சுனோ எழுகிறான், ஓநாய்மனிதனாக. செய்ஷின் கடைசியில் மாறுகிறார், அவரும் ஓநாய்மனிதனாக. தொடர் மிகவும் நேசிக்கும் இரண்டு பாத்திரங்களுக்கு மட்டும் பசியிலிருந்து விலக்குக் கிடைத்துவிடுகிறது. சுனாகோவின் பக்கம் சாய்வதற்காகச் செய்ஷின் கொடுக்க வேண்டிய விலையை அவர் கொடுப்பதே இல்லை. தானே ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கடித்து ரத்தம் குடித்து, அப்படி உயிர்வாழ வேண்டிய நிலையில் அவரை நிறுத்தியிருந்தால், அவருடைய நீண்ட தத்துவப் பேச்சுகளுக்குக் கனம் வந்திருக்கும்.

அந்தப் பேச்சுகளும் அலுப்பூட்டுகின்றன. சகோதரனைக் கொன்றவனைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் பகுதிகள் அடிக்கடி குறுக்கிடுகின்றன. அச்சில் படிக்கும்போது வாசகர் தன் வேகத்தில் நிறுத்தி யோசிக்கலாம். திரையில், ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது, மங்கலான காட்சிகளின் மேல் ஓடும் அந்த வாசிப்பு கதையின் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

இறுதிப் பகுதியில் இன்னொரு சாய்வு தெரிகிறது. மனிதர்களும் காட்டேரிகளும் ஒன்றுதான் என்று நிறுவ, தொடர் ஊர்க்காரர்களை அளவுக்கு மீறிக் கொடூரமாக்குகிறது. வேட்டைக்குத் தலைமை தாங்கும் ஒகாவா போன்றவர்களின் முகங்கள் கடைசியில் அரக்க முகங்களாகவே வரையப்படுகின்றன. ஆனால் சொதோபாவைத் தேடி வந்து, திட்டமிட்டு, வீடு வீடாக அழித்தவர்கள் கிரிஷிகி குடும்பத்தினர். பசி அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல என்பது உண்மை. ஊரையே பிடிக்கும் திட்டம் அவர்கள் தேர்ந்தெடுத்தது. அந்த வேறுபாட்டைச் சுனாகோவின் கண்ணீர் துடைத்துவிடக் கூடாது. தொடர் துடைக்கப் பார்க்கிறது.

ரிட்சுகோ

இத்தனைக்கும், கொன்றே உயிர்வாழ வேண்டியவன் என்ன செய்வான் என்ற அந்தக் கேள்விக்கு விடை தொடருக்குள்ளேயே இருக்கிறது. ஓசாகி மருத்துவமனையின் செவிலி ரிட்சுகோ. அமைதியானவள், வேலையில் நேர்த்தியானவள். இறந்து எழுகிறாள். ஓநாய்மனிதராக எழும் அதிர்ஷ்டம் அவளுக்கு இல்லை. சாதாரணக் காட்டேரி. ரத்தம் குடிக்காவிட்டால் முடிந்தாள். அவளோடு ஒன்றாக வேலை பார்த்த செவிலி யசுயோவை அவளுக்கு இரையாக அதே அறையில் அடைத்துவைக்கிறார்கள். பசி உள்ளுக்குள் பற்றி எரிகிறது. மூச்சுக்கு எட்டும் தூரத்தில் தோழி. ரிட்சுகோ குடிக்க மறுக்கிறாள். கெஞ்சிப் பார்க்கிறார்கள், மிரட்டிப் பார்க்கிறார்கள், மறுக்கிறாள். காவலுக்கு நின்ற தோரு மனம் உடைந்து போகிறான். யசுயோ தப்பிச் செல்கிறாள். நண்பனின் ரத்தத்தைக் குடித்த குற்றவுணர்வைச் சுமந்து திரிந்த தோரு, ஓடிப்போக வாய்ப்பிருந்தும் ரிட்சுகோவின் பக்கத்திலேயே தங்கிவிடுகிறான். ஊர்க்காரர்கள் வந்து இருவரையும் கொல்கிறார்கள்.

வேறு வழியில்லை என்று சுனாகோ சொல்கிறாள், தட்சுமி சொல்கிறான், முளையோடு அலையும் ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள், மனைவியைக் கட்டிப்போட்ட தோஷியோவும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். வழி இருக்கிறது, அதன் விலை என் உயிர் என்று செய்துகாட்டியவள் ரிட்சுகோ ஒருத்திதான். அவள் பேருரை எதுவும் ஆற்றுவதில்லை. நோயாளியைக் கவனித்த அதே பொறுமையோடு பட்டினி கிடக்கிறாள். இந்தத் தொடரில் அறம் பற்றி யோசித்துக்கொண்டே இருப்பவர் செய்ஷின், அதைச் செய்தவள் இவள்.

அவளுக்குத் தொடர் ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. உயிரோடு இருந்தபோது அவள் மருத்துவமனைக் காட்சிகளில் பின்னணியில் வந்துபோகிறாள். எழுந்த பிறகும் அவளுடைய நாட்கள், வெடிகுண்டுப் பழிவாங்கலுக்கும் எரியும் ஊருக்கும் நடுவே துண்டுதுண்டாக வெட்டப்பட்டுக் கடந்துவிடுகின்றன. நட்சுனோவை எழுப்பிக் கொண்டுவருவதற்குச் செலவிட்ட நிமிடங்களை இவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த அறையில், பசியோடு, தோழியின் எதிரே அவள் உட்கார்ந்திருந்த இரவுகளை ஒரு முழு எபிசோடாக எடுத்திருக்க வேண்டும். கியோகோவின் அறையில் கேமராவை அசையாமல் வைத்திருக்கத் துணிந்த இயக்குநருக்கு அது முடியாத காரியம் இல்லை.